நம்பிக்கை போன பிறகு செய்தி படிப்பது எப்படி

நான் செய்தி மேசையில் வேலை பார்த்தவன். நிருபர் கொடுக்கும் பிரதியைச் சுருக்கி, திருத்தி, தலைப்பு வைத்து அச்சுக்கு அனுப்புவது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகு, என் பழைய வேலையை அறிந்தவர்கள் என்னைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: “பத்திரிகையும் பொய், அரசாங்கமும் பொய். பிறகு யாரைத்தான் நம்புவது?” கோபம் நியாயமானது. கேள்விதான் உதவாது. “யாரை” என்று கேட்டால் பதிலாக ஒரு பெயரைத்தான் சொல்ல முடியும். அந்தப் பெயர் நாளைக்குத் தவறு செய்யும். நீங்கள் மறுபடியும் ஏமாந்தவராக நிற்பீர்கள். செய்தி மேசையில் நாங்கள் எந்தப் பெயரையும் நம்பியதில்லை. எதிரில் கிடக்கும் வரியை மட்டும் பார்த்தோம்: இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?

நம்பிக்கை சரிந்திருப்பது பிரமை அன்று. அமெரிக்காவில் செய்தி ஊடகங்களை நம்புவதாகச் சொன்னவர்கள் 1976இல் 72 சதவீதம் என்று கேலப் நிறுவனம் பதிவு செய்தது. 2025இல் அது 28 சதவீதம். மத்திய அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்பிய அமெரிக்கர்கள் 1964இல் 77 சதவீதம், 2024இல் 22. ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் சுமார் 50 நாடுகளில் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், பெரும்பாலான செய்திகளை நம்புகிறேன் என்பவர்கள் 40 சதவீதத்தை ஒட்டி நிற்கிறார்கள். பின்லாந்து எப்போதும் மேல்வரிசையில் இருக்கிறது. கிரீஸும் ஹங்கேரியும் அடியில்.

இந்த எண்களைக் காட்டி “அந்தக் காலம் பொற்காலம்” என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு ஒட்டுவதில்லை. அந்த 77 சதவீத ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஆகஸ்ட் 4ஆம் தேதி டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்கள் இரண்டாவது முறையாகத் தாக்கப்பட்டன என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பத்திரிகைகள் அப்படியே வெளியிட்டன. அதைக் காட்டி நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. வியட்நாம் போர் விரிந்தது. அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை என்பதை அந்நாட்டு உளவு அமைப்பின் ஆவணங்களே 2005இல் வெளியாகிக் காட்டின. மக்களின் நம்பிக்கை உச்சியில் இருந்த ஆண்டும் அந்தத் தாக்குதல் செய்தி வந்த ஆண்டும் ஒன்றுதான். ஆகவே நம்பிக்கை கூடுவதா குறைவதா என்று நான் கவலைப்படுவதில்லை. அதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழக்கம் வேண்டும். என்னுடையதைச் சொல்கிறேன்.

வாக்கியம் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

ஒரு மாதிரிச் செய்தியை நானே எழுதுகிறேன். இதைப் போல ஆயிரம் பிரதிகள் என் கையில் வந்து போயிருக்கின்றன.

“ஆற்றுப் பாலத்தின் பணிகள் 90 சதவீதம் முடிந்துவிட்டதாகவும், அடுத்த மாதம் மக்கள் பயன்பாட்டுக்கு வரும் என்றும் அதிகாரிகள் தெரிவித்தனர். ஒப்பந்ததாரரின் அலட்சியமே தாமதத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது. இதனால் பொதுமக்கள் கடும் அவதிக்குள்ளாகி வருகின்றனர்.”

மூன்று வாக்கியங்கள். முதலாவதில் தெரிவித்தவர்கள் “அதிகாரிகள்”. எந்த அதிகாரி? பாலத்தைக் கட்டும் துறையின் பொறியாளரா, அல்லது நிருபர் தொலைபேசியில் பிடித்த யாரோ ஒருவரா? பெயர் சொல்லியிருந்தால், அடுத்த மாதம் பாலம் திறக்காதபோது அவரைக் கேட்க முடியும். பெயர் இல்லாததால் அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. 90 சதவீதம் என்பது எதில் 90? செலவான பணத்திலா, ஊன்றிய தூண்களிலா, ஒப்பந்தக் காலத்திலா? மூன்றும் மூன்று வேறு எண்கள். எது பெரிதோ அதைச் சொல்வது மனித இயல்பு.

இரண்டாம் வாக்கியம் “கூறப்படுகிறது” என்று முடிகிறது. யாரால்? நிருபருக்குத் தெரியும், சொல்லவில்லை. பழி ஒப்பந்ததாரர் மேல் விழுவதால் யாருக்கு நிம்மதி என்று யோசித்தால், பெரும்பாலும் முதல் வாக்கியத்தில் வந்த அதே அதிகாரிகளிடம் போய் நிற்பீர்கள். ஒப்பந்ததாரரைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் அவர் மறுத்தார் என்றோ பதில் தரவில்லை என்றோ ஒரு வரி இருந்திருக்கும். அந்த வரி இல்லாத குற்றச்சாட்டை, குற்றஞ்சாட்டியவர் விடுத்த அறிக்கையாக மட்டும் படியுங்கள்.

மூன்றாம் வாக்கியம் எதுவுமே சொல்லவில்லை. எந்தச் செய்தியின் கடைசியிலும் ஒட்டவைக்கக் கூடிய வரி அது. நிருபர் பாலத்துக்குப் போயிருந்தால், சுற்றிப் போக எத்தனை கிலோமீட்டர் ஆகிறது, ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகிறது என்று ஏதாவது ஒன்றைப் பார்த்து எழுதியிருப்பார். போகவில்லை. இந்தச் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. பாலம் அடுத்த மாதமே திறந்தாலும் திறக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பின் எடைதான் இதற்கு உண்டு என்கிறேன்.

வாக்கியத்தின் முடிவுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. பெயரும் பதவியும் போட்டு “கூறினார்” என்றால், அவர் சொன்னார் என்பது மட்டும் உறுதி. சொன்னது உண்மையா என்பது தனி. “ஆவணத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது” என்றால் கொஞ்சம் கூடுதல் கனம், அந்த ஆவணத்தை நிருபர் பார்த்திருந்தால். “வட்டாரங்கள் தெரிவிக்கின்றன” என்பது உள்ளிருந்து கசிந்தது. கசியவிட்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும். நல்ல நோக்கமாகவும் இருக்கலாம். “எனத் தெரிகிறது” என்று முடிந்தால் நிருபருக்கே முழு நிச்சயம் இல்லை என்று பொருள். தொலைக்காட்சியில் இதே வரிசை வேலை செய்யும். ஆனால் அங்கே வாக்கியம் முடிவதற்குள் இசை வந்துவிடுகிறது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தலைப்பை எழுதுவது அநேகமாக நிருபர் இல்லை. என்னைப் போன்ற ஒருவர், இடமும் நேரமும் போதாமல் எழுதுவது. உள்ளே “கூறப்படுகிறது” என்று இருப்பது தலைப்பில் ஏறும்போது உதிர்ந்துவிடும். இணையத்தில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவதற்கென்றே அங்கே தலைப்பு எழுதப்படுகிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கோபப்படுவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், பாதிக் கோபம் மிச்சமாகும்.

பத்து இடத்தில் வந்தால் பத்து சாட்சிகள் ஆகிவிடாது

“எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறதே” என்பார்கள். ஒரு செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே பிரதி, பத்துத் தலைப்புகளோடு வந்திருக்கும். மூன்றாம் பத்தியில் ஒரே மேற்கோள் ஒரே சொற்களில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது ஒரு சாட்சிதான்.

இதைவிட ஆபத்தானது வட்டமடிக்கும் செய்தி. 2002 செப்டம்பர் 8ஆம் தேதி, நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத் தயாரிப்புக்கானவை என்று, பெயர் சொல்லாத அரசு அதிகாரிகளை ஆதாரமாக வைத்து. அதே நாள் காலையில் துணை அதிபர் டிக் சேனி தொலைக்காட்சிப் பேட்டியில் அந்தக் குழாய்களைப் பற்றிப் பேசினார். ஆதாரமாக அந்தப் பத்திரிகையையே சுட்டினார். அரசு சொன்னதாகப் பத்திரிகை எழுதுகிறது, பத்திரிகை எழுதியதாக அரசு சொல்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டு சாட்சிகள் தெரிந்தன. இருந்தது ஒன்று. அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கானவை என்ற முடிவுக்குச் சர்வதேச அணுசக்தி முகமை அமெரிக்கா ஈராக்மீது தொடுத்த போருக்கு முன்பே வந்திருந்தது.

அதே காலத்தில், அதே வாஷிங்டனில், நைட் ரிடர் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் அரசின் வாதத்தைச் சந்தேகித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மந்திரவித்தை எதுவும் தெரியாது. அமைச்சர்களின் பக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, ஆவணங்களை நேரடியாகக் கையாளும் இடைநிலை அலுவலர்களிடம் பேசினார்கள். எனவே பெயர் மறைத்த மேற்கோளைப் பார்த்தால், பேசியவர் மேசையில் அந்தக் கோப்பு உண்மையில் இருந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பதவி உயர உயர, கோப்பிலிருந்து தூரமும் கூடும்.

அரசு சொல்லும் எண்கள்

அரசைப் பொறுத்தவரை நான் நான்கு சொற்களைப் பிரித்துப் படிக்கிறேன்: அறிவித்தது, ஒதுக்கியது, விடுவித்தது, செலவிட்டது. மேடையில் அறிவிக்கப்படும் தொகை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கீடாக வராமலே போகலாம். ஒதுக்கியது துறைக்கு விடுவிக்கப்படாமல் ஆண்டு முடியலாம். விடுவித்தது செலவாகாமல் திரும்பலாம். நான்கும் தனித்தனியாகச் செய்தியாகும். ஒரே திட்டம் நான்கு முறை பிறந்தது போலத் தோன்றும். “புதிய திட்டம்” என்று படித்தால் முந்தைய இரண்டு ஆண்டு அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள். உண்மையில் எவ்வளவு செலவானது என்பது தணிக்கை அறிக்கையில் இருக்கும். அது தாமதமாக வரும், வறட்சியாக இருக்கும், அதனால்தான் யாரும் படிப்பதில்லை. எனக்கு அதைவிடச் சுவாரசியமான வாசிப்பு அரசாங்கத்திடமிருந்து வந்ததில்லை.

எண்ணைத் திருத்துவதைக் கண்டு மிரள வேண்டாம். வேலைவாய்ப்பு, உற்பத்தி, மரணக் கணக்குகள் எல்லாமே முதலில் தற்காலிகமாக வந்து பிறகு திருத்தப்படுவன, அது முறை. எண் எந்தப் பக்கம் திருத்தப்படுகிறது, எவ்வளவு, யார் கையில் என்பதைக் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டுக்கான கிரீஸ் அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.7 சதவீதம் என்று அந்த ஆண்டின் முற்பகுதியில் சொல்லப்பட்டிருந்தது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறியதும், அக்டோபரில் அது 12 சதவீதத்தைத் தாண்டியது. ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் சரிபார்த்து முடித்தபோது 15 சதவீதத்துக்கும் மேல். அதற்குப் பிறகு நடந்தது கதைபோல இருக்கும்: எண்ணைச் சரியாகக் கணக்கிட்டுக் கொடுத்த புள்ளியியல் துறைத் தலைவர்மேல் வழக்கு தொடரப்பட்டு, அவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார். கிரேக்கர்கள் நம்பிக்கைப் பட்டியலின் அடியில் இருப்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படுவதில்லை.

அரசு மௌனமாக இருக்கும்போது வேறு யாரால் அளக்க முடியும் என்று பாருங்கள். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் செர்னோபில் உலை வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. 28ஆம் தேதி காலையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணியில் ஒட்டியிருந்த கதிரியக்கத் துகள் எச்சரிக்கைக் கருவியை அலற வைத்தது. தங்கள் உலையில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட ஸ்வீடன் மாஸ்கோவைக் கேட்டது. அன்று இரவு செய்தியறிக்கையில் சோவியத் தொலைக்காட்சி சில வரிகளில் ஒப்புக்கொண்டது. காற்று, நீர், விலை, வெப்பம், நோய், இரவில் எரியும் விளக்கு ஆகியவற்றை அரசு அல்லாதவர்களும் அளக்க முடியும். மறுப்பறிக்கையைவிட அளவீடு எனக்குப் பெரிது.

ஆவணம் கேட்கும் உரிமையையும் பயன்படுத்துங்கள். 1766இல் ஸ்வீடன் தொடங்கி வைத்த இந்த வகைச் சட்டம் இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. “ஏன் இன்னும் பாலம் திறக்கவில்லை?” என்று கேட்டால் விளக்கம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். “காலநீட்டிப்பு ஆணைகளின் நகல், இதுவரை வழங்கிய தொகையின் பட்டியல், தர ஆய்வு அறிக்கை” என்று காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் வந்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

“இருமடங்கு” என்ற சொல்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டி ஏற்படும் அபாயத்தை இருமடங்காக்குகின்றன. ஊடகங்கள் அதைப் பெரிதாக்கின. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். இருமடங்கு என்பது உண்மைதான். 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது 7,000 பேரில் இருவருக்கு. கர்ப்பத்தில் அந்த அபாயம் அதைவிட அதிகம். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிடப்பட்டது. அரசும் பொய் சொல்லவில்லை, பத்திரிகையும் பொய் சொல்லவில்லை. “எதிலிருந்து எதற்கு?” என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. சதவீதம், மடங்கு என்று எது வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

திருத்தம் வெளியிடுகிறார்களா?

ஒரு செய்தித்தாளை எடைபோட எனக்குத் தெரிந்த குறுக்குவழி, அதன் திருத்தப் பகுதி. தினமும் நூற்றுக்கணக்கான பெயர்களையும் எண்களையும் அச்சடிக்கும் இடத்தில் பிழை நேராமல் இருக்காது. திருத்தமே வெளியிடாத பத்திரிகை பிழையே செய்யாதது என்று எண்ண வேண்டாம். எங்கே வெளியிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஈராக் செய்திகளைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2004 மே 26ஆம் தேதி ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. பீதியூட்டும் செய்திகளை முன்னால் போட்டுவிட்டு, அவற்றைக் கேள்விக்குள்ளாக்கிய தொடர் செய்திகளைச் சில சமயம் உள்ளே புதைத்துவிட்டோம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு வந்ததும் 10ஆம் பக்கத்தில்தான். இருந்தும் வந்தது, நான் அதற்கு மதிப்பெண் கொடுப்பேன்.

உங்களுக்கு நேரில் தெரிந்த விஷயத்தில் ஒரு பத்திரிகையைச் சோதிப்பது இன்னும் நல்லது. உங்கள் தொழில், உங்கள் தெரு, நீங்கள் இருந்த கூட்டம். ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் வார இதழில் கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற நிருபர் பல பரிசுகள் வாங்கியவர். அந்த இதழில் தகவல் சரிபார்ப்புக்கென்றே பெரிய துறை இருந்தது. அமெரிக்காவின் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிறு நகரத்தைப் பற்றி 2017இல் அவர் எழுதிய கட்டுரையில், ஊரின் நுழைவாயிலில் மெக்சிகோக்காரர்களே வராதீர்கள் என்று ஒரு பலகை இருந்தது. ஊரைச் சுற்றி இருண்ட காடும் இருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரியும்: அப்படிப் பலகை கிடையாது, அது புல்வெளி நிலம். அவர்கள் பொய்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். சக நிருபர் ஒருவரின் விடாப்பிடியான விசாரணையால் 2018 டிசம்பரில் உண்மை வெளிவந்தது. அதை உலகுக்கு அறிவித்தது ஷ்பீகலேதான். பரிசு வாங்கித் தந்த கட்டுரைகளை ஒரு பத்திரிகையே பொய் என்று அறிவிப்பது அதன் சந்தாதாரர்களை இழக்கத் துணிவது. உங்கள் கைப்பேசிக்கு வரும் ஃபார்வர்டு அப்படி எதையாவது இழக்கத் துணிந்திருக்கிறதா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. “எல்லாரும் பொய்யர்கள்” என்று முடிவு கட்டியவர் எதையும் நம்பாதவராக ஆவதில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைக்கிறார். பத்திரிகைச் செய்தியிடம் பத்து ஆதாரம் கேட்பவர், உறவினர் அனுப்பிய காணொளியிடம் ஒன்றும் கேட்பதில்லை. அரசியல்வாதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஊடகம் முழுவதும் பொய் என்று உரக்கச் சொல்பவர், அடுத்த மூச்சில் நேரடியாகத் தன்னையே நம்பச் சொல்வார். அவருடைய வரிக்கும் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பொருந்தும்.

படங்களுக்குத் தனியாக எழுத அதிகம் இல்லை. படத்தைத் தேடுபொறியில் போட்டு முதலில் எப்போது வந்தது என்று பாருங்கள். வெள்ளம் சூழ்ந்த சாலையில் நீந்தும் சுறா 2011லிருந்து ஒவ்வொரு புயலுக்கும் வேறு வேறு ஊரில் நீந்திக்கொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் சம்பவமானால் இன்னும் எளிது: காத்திருங்கள். 2013இல் பாஸ்டன் குண்டுவெடிப்புக்கு இரண்டு நாள் கழித்து, சந்தேக நபர் கைது என்று சிஎன்என்னும் அசோசியேட்டட் பிரஸ்ஸும் அறிவித்தன. அன்று யாரும் கைதாகவில்லை. பெரிய சம்பவங்களில் முதல் நாள் வரும் பலி எண்ணிக்கையையும் குற்றவாளியின் அடையாளத்தையும் நான் படிப்பேன், யாரிடமும் சொல்ல மாட்டேன்.

தவறைக் கண்டால் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வரும் கடிதங்களை நான் பிரித்திருக்கிறேன். “நீங்கள் விலைபோய்விட்டீர்கள்” என்று தொடங்கும் கடிதத்தை இரண்டாம் வரிக்கு மேல் யாரும் படிப்பதில்லை; அந்த வகையில் நாளுக்கு ஒரு கட்டு வரும். தேதி, பக்கம், தவறான வரி, சரியான தகவல், அதற்கான ஆவணத்தின் நகல் என்று ஐந்து வரியில் வரும் கடிதம் நேராகச் செய்தி ஆசிரியரின் மேசைக்குப் போகும். அதைப் புறக்கணித்தால் பின்னால் வழக்காகலாம் என்று அவருக்குத் தெரியும். கோபத்தையும் கொள்கையையும் வேறு கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு பிழை போதும். நகல் வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான காலம் காத்தும் பதில் வராவிட்டால், அதே கடிதத்தைப் போட்டிப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அடுத்தவர் பிழையைத் திருத்துவதில் எந்தச் செய்தி மேசையும் சோம்பல்பட்டதை நான் பார்த்ததில்லை.